வெயில் சுட்ட தோலுக்குத் தக்காளி: எப்போது பூசலாம், எப்போது கூடாது, எப்போது சாப்பிட வேண்டும்

வெயிலில் தோல் வெந்துபோனால் வீட்டில் முதலில் கைக்கு வருவது தக்காளிதான். வெட்டித் தேய், அரைத்துப் பூசு, சாறெடுத்துத் தடவு என்று ஆளுக்கொரு கைப்பக்குவம் சொல்வார்கள். ஒருவருக்கு அது இதமாக இருக்கும். இன்னொருவர் பூசிய இரண்டாவது நிமிடமே கழுவிவிட்டு ஓடி வருவார். தக்காளியில் வித்தியாசம் இல்லை, தோல் இருக்கும் நிலையில்தான் வித்தியாசம். அதனால் தக்காளி பூசலாமா என்று கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் தோலைத்தான் பார்ப்பேன். தக்காளிப் பேச்சு அதற்குப் பிறகு.

தக்காளியின் பெரிய பலன் அதைச் சாப்பிடுவதில் இருக்கிறது. சமைத்து, எண்ணெயோடு, வாரக்கணக்கில் சாப்பிட்டால் தோல் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வெந்த தோலின் மேல் பூசினால் கிடைப்பது பெரும்பாலும் குளிர்ச்சி மட்டுமே, அதைக் குளிர்ந்த தண்ணீரே நன்றாகக் கொடுத்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## எதையும் பூசுவதற்கு முன்: நான்கு கேள்விகள்

கொப்புளம் இருக்கிறதா? தோல் கிழிந்தோ, உரிந்து ஈரமாகவோ இருக்கிறதா? காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, தலைசுற்றல் இருக்கிறதா? வெந்திருப்பது கைக்குழந்தையின் தோலா?

ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் தக்காளியை எடுத்து வைத்துவிடுங்கள். கொப்புளமோ கிழிந்த தோலோ ஆனால் அறிகுறி 4, காய்ச்சலும் மயக்கமுமானால் அறிகுறி 8. கைக்குழந்தையானால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், குழந்தை மருத்துவரை அழையுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வெயில் சுட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது.

நான்குக்கும் "இல்லை" என்றால் தொடரலாம்.

## அறிகுறி 1: தோல் சூடாக இருக்கிறது, சிவந்திருக்கிறது, துணி பட்டாலே எரிகிறது

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். வெயில் சுட்டது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் சிவப்பு தலைகாட்டும், 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு இரண்டு மூன்று நாளில் தணியும். மாலையில் லேசாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் மறுநாள் காலை கையைத் தூக்க முடியாது. சிவப்பு தெரிந்த உடனே இறங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு சோதனை: விரலால் அந்த இடத்தை இரண்டு நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் சிவப்பு திரும்ப ஊறி வந்தால் இது சாதாரண வெயில் சூடு, வீட்டிலேயே பார்க்கலாம். கருநிறத் தோலில் சிவப்பும் வெளுப்பும் சரியாகத் தெரியாது. அவர்கள் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் துணி மூடியிருந்த இடத்தைவிட இந்த இடம் சூடாகவும் இறுக்கமாகவும் இருந்தால் வெயில் சுட்டிருக்கிறது என்றே கொள்ளுங்கள். கருத்த தோலை வெயில் சுடாது என்று நம்பிப் பலர் அவதிப்படுகிறார்கள். சுடும், தெரிவதற்குத்தான் தாமதமாகும்.

### செய்ய வேண்டியது, இதே வரிசையில்

முதலில் நிழல். வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கொஞ்ச நேரம்தானே என்று திரும்ப வெயிலில் நிற்காதீர்கள்.

அடுத்து தண்ணீர். குளிர்ந்த, ஆனால் உறையாத தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை 10 முதல் 15 நிமிடம் போட்டு வையுங்கள். துணி சூடானதும் மறுபடி நனைக்க வேண்டும். ஒரு நாளில் பல முறை செய்யலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள், ஏற்கெனவே வெந்த தோலை அது இன்னொரு விதமாகப் புண்ணாக்கும்.

பிறகு தோல் முழுக்கக் காய்வதற்குள், ஈரம் இருக்கும்போதே, வாசனை சேர்க்காத ஈரப்பத க்ரீமையோ கற்றாழைக் கூழையோ தடவுங்கள். கற்றாழையை நேராகச் செடியிலிருந்து எடுத்தால் வெட்டிய இடத்தில் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் கூழை எடுக்க வேண்டும். அந்தப் பால் அரிப்பு கொடுக்கும்.

வலி தாங்கவில்லை என்றால் ஐபுபுரோஃபென் அல்லது பாராசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரோஃபென் பக்கம் போகாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள், வெந்த தோல் உடம்பின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

### இந்த நிலையில் தக்காளி பூசலாமா?

தோல் முழுசாக இருந்தால் பூசிப் பார்க்கலாம். ஆனால் தண்ணீர் ஒத்தடத்துக்குப் பிறகுதான். அதற்கும் முறை உண்டு.

நன்றாகப் பழுத்த தக்காளியைக் கழுவி, தோலையும் விதையையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் மசித்து, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான பகுதியில்தான் புளிப்பு அதிகம், அதை நீக்கினாலே எரிச்சலுக்கான வாய்ப்பு குறையும். காய்வெட்டான தக்காளி வேண்டாம், அதில் புளிப்பு இன்னும் கூடுதல்.

முதலில் வெயில் படாத இடத்தில், முழங்கையின் உட்புறத்தில், ஒரு நாணயம் அளவுக்குத் தடவிப் பத்து நிமிடம் பொறுங்கள். அங்கே அரித்தால் அல்லது தடித்தால் உங்களுக்குத் தக்காளி ஒத்துவராது. ஒன்றும் ஆகவில்லை என்றால் வெந்த இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் தடவி, அங்கேயும் பொறுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மெல்லிய படலமாகப் பூசி, அதிகபட்சம் 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். காயும் வரை விடக்கூடாது. தக்காளி காயும்போது ஓரங்களில் விளிம்பு கட்டி, தோலைப் பிடித்து இழுக்கும். வெந்த தோலுக்கு அந்த இழுப்பே வலி. கழுவும்போது தேய்க்காமல் தண்ணீரை ஊற்றியே வழித்துவிடுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், மேலே ஈரப்பத க்ரீம் தடவுங்கள்.

முகத்தில் பூசினால் கண்ணையும் உதட்டையும் விட்டுவிடுங்கள். தக்காளியைப் பாதியாக வெட்டி வட்டமாகத் தேய்ப்பது நல்ல தோலுக்கே தேவையில்லாதது. வெந்த தோலில் அது கூடவே கூடாது.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: இரண்டு நாளாகியும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், முகம், கை, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் வீக்கம் வந்தால், முதுகு முழுக்க அல்லது இரண்டு காலும் முழுக்க என்று பெரிய பரப்பு வெந்திருந்தால்.

## அறிகுறி 2: தக்காளி பூசியதும் எரிச்சல் கூடிவிட்டது

உடனே கழுவுங்கள். "முதலில் எரியும், பிறகு சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரிச்சல் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் கிடையாது. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடமாவது காட்டி, ஒற்றி எடுத்து, வாசனையில்லாத க்ரீம் தடவிவிட்டு, காரணத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

### கழுவிய கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது

புளிப்புதான் காரணம். தக்காளியில் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் உண்டு. நல்ல தோல் அதைத் தாங்கும். வெயிலில் வெந்த தோலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும், அமிலம் அதற்குள் இறங்கும். இந்தத் தடவை தக்காளி வேண்டாம், தண்ணீரும் கற்றாழையும் போதும்.

### தக்காளியோடு வேறு எதையாவது கலந்தீர்களா?

நான் பார்த்த வரையில் தக்காளி எரிந்தது என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் பூசியது தக்காளி மட்டும் இல்லை. கேட்டால் எலுமிச்சைச் சாறு வரும், சர்க்கரை வரும், உப்பு, சமையல் சோடா, மஞ்சள்தூள் எல்லாம் வரிசையாக வரும். சர்க்கரையும் உப்பும் வெந்த தோலைச் சுரண்டும். சமையல் சோடா காரம், தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மையைக் கெடுக்கும். எலுமிச்சை எல்லாவற்றையும்விட மோசம், அதற்குத் தனியாக அறிகுறி 6 இருக்கிறது. கலந்தே ஆக வேண்டும் என்றால் புளிக்காத குளிர்ந்த தயிர் ஒன்றுதான், அதுவும் இரண்டு பங்கு தயிருக்கு ஒரு பங்கு தக்காளி.

### கழுவியும் தடிப்பு, அரிப்பு, வீக்கம் தொடர்கிறது

ஒவ்வாமையாக இருக்கலாம். தக்காளி சாப்பிட்டால் உதடும் நாக்கும் அரிக்கும் என்பவர்கள், ரப்பர் கையுறை போட்டால் கை தடிப்பவர்கள் தக்காளியைத் தோலில் தொடவே வேண்டாம். ரப்பர் ஒவ்வாமையும் சில பழ, காய் ஒவ்வாமைகளும் சேர்ந்தே வருவதுண்டு, தக்காளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உதடு, கண் இமை வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

## அறிகுறி 3: எரிச்சல் இல்லை, ஆனால் தோல் கறுத்துவிட்டது

இது நெருப்பு அணைந்த பிறகான நிலை. அவசரம் இல்லை. ஆனால் இங்கேதான் மக்கள் அதிகமாகத் தோலைப் படுத்துகிறார்கள்.

தக்காளியைப் பூசினால் கருமை ஒரே நாளில் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கறுத்திருப்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட நிறமி. அது மேலிருந்து தேய்த்து எடுக்கும் அழுக்கு இல்லை. தோலின் மேலடுக்கு தானாக உதிர்ந்து புதுப்பிக்க நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். அதுவரை திரும்ப வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கருமை தானே இறங்கும். பூசிக் கழுவியதும் பளிச்சென்று தெரிவது, மேலே ஒட்டியிருந்த செத்த செல்கள் கொஞ்சம் போய், தோல் ஈரமாக இருப்பதால்தான். சில மணி நேரத்தில் பழைய நிறம் திரும்பும்.

பூச விருப்பமானால் எரிச்சல் முழுக்க நின்று ஒரு வாரம் கழித்து, வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மிகாமல், மாலை வேளையில். பூசிவிட்டு வெயிலில் போகாதீர்கள்.

கருமை மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தாலோ, கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாக நின்றாலோ அது வெயில் கருமை மட்டும் இல்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் வெளுக்க வைக்கும் க்ரீம்களை வாங்கிப் பூசி மாதங்களை வீணாக்காதீர்கள், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும்.

## அறிகுறி 4: கொப்புளம் வந்துவிட்டது

தக்காளி கிடையாது. கற்றாழைச் செடியும் கிடையாது. சமையலறையிலிருந்து எதுவும் வேண்டாம். நன்றாகக் கழுவிய தக்காளியிலும் கிருமி இருக்கும். கொப்புளம் உடைந்தால் அது நேராக உள்ளே போகும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். மேலிருக்கும் அந்த மெல்லிய தோல்தான் இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் நல்ல கட்டு. குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம், தளர்வான உடை, ஒட்டாத கட்டு, அவ்வளவுதான். தானாக உடைந்துவிட்டால் மிதமான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவி, ஒட்டாத கட்டால் மூடுங்கள். தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். மரத்துப்போக வைக்கும் பென்சோகெய்ன் கலந்த பூச்சுகளையும் தவிர்த்துவிடுங்கள், அதற்கே ஒவ்வாமை வருவதுண்டு.

நான்கைந்து சிறு கொப்புளங்கள் என்றால் வீட்டில் பார்க்கலாம். உள்ளங்கையைவிடப் பெரிய பரப்பில் வந்தாலோ, முகத்திலோ கையிலோ பிறப்புறுப்பிலோ வந்தாலோ, மஞ்சளாகச் சீழ் கோத்தாலோ, அங்கிருந்து சிவப்புக் கோடு ஓடினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

## அறிகுறி 5: தோல் உரிகிறது, அரிக்கிறது

நாலாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் உரியத் தொடங்கும். இது ஆறுவதன் பகுதி. உரியும் தோலைப் பிடித்து இழுக்கக் கை பரபரக்கும், இழுத்தால் இன்னும் தயாராகாத அடித்தோலும் சேர்ந்து வரும். தொங்கும் துணுக்கைச் சுத்தமான சிறு கத்திரியால் வெட்டிவிடுங்கள், போதும்.

வெந்நீர்க் குளியல் வேண்டாம். குளித்து மூன்று நிமிடத்துக்குள் க்ரீம் தடவுங்கள். அரிப்பு தூங்கவிடவில்லை என்றால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சைச் சில நாள் மட்டும், உடையாத தோலில் தடவலாம். உரியும் தோலில் தக்காளி பூசினால் சுருக்கென்று குத்தும், ஆகவே இப்போதும் வேண்டாம். புதிதாக வெளியே வந்த தோல் வெயிலை முன்பு போலத் தாங்காது, குறைந்தது இரண்டு வாரம் துணியால் மூடியே வைத்திருங்கள்.

## அறிகுறி 6: பூச்சு ஒழுகிய இடத்தில் கோடு கோடாகச் சிவந்து, பிறகு கறுக்கிறது

இந்த அறிகுறியைப் பார்த்ததும் நான் கேட்கும் ஒரே கேள்வி: எலுமிச்சை சேர்த்தீர்களா?

எலுமிச்சையில் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் ஃபுரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளமே வரும். அது ஆறிய பிறகு பழுப்புக் கருமை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சாறு வழிந்த கோடு, சொட்டு விழுந்த புள்ளி, விரல் பதிந்த தடம் என்று அப்படியே அச்சாகத் தெரியும். அத்தி மரத்தின் பாலும் செலரித் தண்டின் சாறும் இதையே செய்யும்.

தக்காளிக்கு இந்தக் குணம் கிடையாது. பழி மட்டும் தக்காளி மேல் விழுகிறது.

சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள், நகக்கண்ணையும் விடாமல். அந்த இடத்தை மூடி வையுங்கள். சிவப்பு நிலையில் குளிர் ஒத்தடம், கொப்புளம் வந்தால் மருத்துவர். கருமை நிலையில் பொறுமை தவிர வேறு வழியில்லை. அதன் மேல் இன்னொரு முறை எலுமிச்சை தேய்த்துப் போக்கப் பார்ப்பவர்களை நான் கெஞ்சித் தடுத்திருக்கிறேன்.

## அறிகுறி 7: தக்காளி தினமும் சாப்பிடுகிறேன், ஆனாலும் வெயில் சுடுகிறது

தடுப்பு பற்றிய கேள்வி இது, தக்காளிக்கு உண்மையான வேலை இருக்கும் இடமும் இதுதான். எளிய காரணத்திலிருந்து தொடங்குவோம்.

### பச்சையாகச் சாப்பிடுகிறீர்களா?

தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன்தான் தோலுக்கு உதவுவது. வேகவைக்காத தக்காளியில் அது செல்களுக்குள் பூட்டிக் கிடக்கும். வேக வைத்து மசித்தால் வெளியே வரும். எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். உப்புத் தூவிப் பச்சையாகச் சாப்பிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் வெயில் காப்புக்கு அது போதாது.

### அளவு போதுமா?

ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் நடந்த, 2001-ல் வெளியான ஆய்வில் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு கொடுத்தார்கள். அதில் சுமார் 16 மில்லிகிராம் லைக்கோபீன். இங்கிலாந்தில் நடந்த, 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 55 கிராம் விழுது, அதே 16 மில்லிகிராம். இங்கே விழுது என்பது நீர் வற்றக் காய்ச்சிய கெட்டியான விழுது. மிக்சியில் அரைத்த தக்காளி அதற்கு ஈடாகாது. 100 கிராம் வேகவைக்காத பழுத்த தக்காளியில் லைக்கோபீன் ஏறக்குறைய 2.5 மில்லிகிராம்தான். ஆக அந்த அளவை எட்ட அரைக் கிலோவுக்கு மேல் தக்காளி வேண்டும். அதைக் கொதிக்க வைத்து, அகப்பையால் கிளறினால் அடிப்பாகம் தெரிகிற அளவுக்கு வற்றவிட்டால் கெட்டியான விழுதாகும். அதுதான் ஒரு நாள் பங்கு.

மஞ்சள் தக்காளியில் லைக்கோபீன் மிகக் குறைவு. செக்கச் செவேலென்று பழுத்ததாக இருக்க வேண்டும். கெட்சப்பில் லைக்கோபீன் உண்டு, கூடவே சர்க்கரையும் உப்பும் உண்டு. தினசரி அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

### எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள்?

டுசெல்டார்ஃப் ஆய்வில் நான்காவது வாரத்தில் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பத்தாவது வாரத்தில்தான், விழுது சாப்பிட்டவர்களின் தோல் மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவாகச் சிவந்தது. நாளைக்கு வெயிலில் வேலை, இன்றைக்குத் தக்காளி சாப்பிடுகிறேன் என்றால் ஒரு பலனும் இல்லை. வெயில் காலம் தொடங்குவதற்கு இரண்டரை மாதம் முன்பே ஆரம்பித்து, காலம் முடியும்வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

### இவையெல்லாம் சரி, ஆனாலும் சுடுகிறதா?

அப்படியானால் தக்காளியிடம் அது செய்ய முடியாததைக் கேட்கிறீர்கள். 40 சதவீதம் குறைவு என்பதை எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்) கணக்கில் பார்த்தால் 2-ஐக்கூட எட்டாது. எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் தோலைச் சுடும் புறஊதா பி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். இரண்டையும் ஒரு தட்டில் வைக்க முடியாது. தக்காளி கூடுதல் துணை, சன்ஸ்கிரீனுக்கு மாற்று கிடையாது. தக்காளியைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்குவது வெறும் தோலோடு இறங்குவதற்குச் சமம். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

சன்ஸ்கிரீன் போட்டும் சுடுகிறது என்றால் பார்க்க வேண்டியவை: கிளம்புவதற்கு 15 நிமிடம் முன் போட்டீர்களா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட்டீர்களா, வியர்த்த பிறகும் துண்டால் துடைத்த பிறகும் போட்டீர்களா? உடம்பு முழுக்கப் பூச வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் வேண்டும், பெரும்பாலோர் அதில் பாதிகூடப் போடுவதில்லை. காது மடல், பின்கழுத்து, தலை வகிடு, காலின் மேற்புறம், உதடு ஆகியவை விட்டுப்போகும் இடங்கள். எங்கே சுட்டிருக்கிறது என்று கண்ணாடியில் பாருங்கள். திட்டாகச் சுட்டிருந்தால் பூச்சு படாத இடம் அது. சீராக எல்லா இடமும் சுட்டிருந்தால் அளவு போதவில்லை, அல்லது நேரம் தாண்டிவிட்டது.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். மேகம் மூடியிருந்தாலும் கதிர் இறங்கும். மணலும் தண்ணீரும் கீழிருந்து திருப்பி அடிக்கும், பனி 80 சதவீதம் வரை திருப்பும். உயரம் 1000 மீட்டர் கூடினால் கதிரின் கடுமை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். புறஊதாக் குறியீடு (வெயிலின் கதிர்க் கடுமையைச் சொல்லும் எண்) 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிழலும், அகல விளிம்புத் தொப்பியும், நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணியும் எந்தப் பூச்சையும்விட மேல்.

### கடைசியாக, மாத்திரை

முன்பெல்லாம் சுடாத வெயில் இப்போது சுடுகிறது என்றால் புதிதாக எந்த மாத்திரை தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு, இதயத்துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் ஆகியவை தோலை வெயிலுக்கு இளக்கிவிடும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள், மாற்று இருக்கலாம்.

### தக்காளி ஒத்துவராதவர்களுக்கு

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இத்தனை தக்காளி தொல்லை கொடுக்கும். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வற்றக் காய்ச்சிய விழுதைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும், அதில் பொட்டாசியம் செறிந்திருக்கும். லைக்கோபீன் தர்பூசணியிலும் சிவப்புக் கொய்யாவிலும் உண்டு. 100 கிராம் கொய்யாவில் சுமார் 5 மில்லிகிராம், தர்பூசணியில் அதைவிடச் சற்றுக் குறைவு. அளவுக்கு மீறியும் போகாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் இரண்டு லிட்டர் தக்காளிச் சாறு குடித்த ஒரு பெண்ணின் தோல் ஆரஞ்சு நிறமானது 1960-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. குறைத்தால் நிறம் திரும்பிவிடும், ஆபத்தில்லை.

## அறிகுறி 8: காய்ச்சல், நடுக்கம், வாந்தி, தலைசுற்றல்

இது தோல் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள், இறுகிய உடையைத் தளர்த்துங்கள், விழிப்போடு இருந்தால் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ மடக்கு மடக்காகக் கொடுங்கள். காய்ச்சல் 39.4 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, எதைக் குடித்தாலும் வாந்தி வந்தாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வெயிலில் போய் வந்த சில மணி நேரத்தில் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் கண்ணின் மேற்பரப்பும் சுட்டிருக்கிறது. கண்ணைத் தேய்க்காமல், எந்தச் சாற்றையும் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

## அறிகுறி 9: சிறு சிறு பொரியாக வந்து அரிக்கிறது

இது வெயில் சூடாகவே இல்லாமல் இருக்கலாம். துணி மூடிய இடத்தில், கழுத்து மடிப்பிலும் இடுப்பிலும் வந்தால் வேர்க்குரு. காற்றோட்டமும் பருத்தி உடையும் போதும், தக்காளிக்கு அங்கே வேலை இல்லை. வெயில் பட்ட இடத்தில் மட்டும், ஒவ்வொரு வருடமும் முதல் கடும் வெயிலில் வந்தால் வெயில் ஒவ்வாமை. இதற்குத் தோல் மருத்துவர் வேண்டும், தடுப்பு மருந்துகள் உண்டு.

## அறிகுறி 10: எல்லாம் ஆறிவிட்டது, ஒரு இடம் மட்டும் ஆறவில்லை

நான்கு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் சொரசொரவென்று திரும்பத் திரும்பப் பொருக்கு கட்டும் திட்டு, வடிவமோ நிறமோ அளவோ மாறிவரும் மச்சம், காரணமில்லாமல் இரத்தம் கசியும் புள்ளி. பல வருடம் வெயிலில் வேலை செய்தவர்கள் காது மடல், மூக்கு, கீழுதடு, தலை வழுக்கை ஆகிய இடங்களை மாதம் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகை வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படம் எடுத்து, அதன் மேல் எதையும் பூசாமல், அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.